பாயிண்ட் விலையைத் திருத்தும்போது எங்கே தவறுகிறோம்?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் ஆறடிக்கு நாலடி மேசை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் கூடி, 15 மி.மீ. பொம்மைப் படைகளை வைத்து 18-ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் பகுதியில், அதாவது ஆற்காட்டு நவாப் ஆண்ட நம் பக்கத்தில், நடந்த போர்களை ஆடுகிறோம். ஆம்பூர், ஆற்காடு, ஆரணி, காவேரிப்பாக்கம், வந்தவாசி, சோளிங்கர் என்று நாங்கள் ஆடும் களங்கள் எல்லாமே பழைய வட ஆற்காட்டுக்குள் இருப்பவை. காலையில் பஸ் ஏறினால், எந்தக் களத்தையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது படைப்பிரிவுக்கும், அதன் பலத்துக்கேற்ப ஒரு பாயிண்ட் விலை உண்டு. இரு பக்கமும் ஒரே அளவு பாயிண்டுக்குப் படை வாங்கினால் ஆட்டம் சமமாக இருக்கும் என்பது கணக்கு. விதிப்புத்தகத்தில் இருந்த விலைகள் இந்தப் படைகளுக்குச் சரியாக அமையாததால், யூனிட்களின் பாயிண்டை நாங்களே திருத்த ஆரம்பித்தோம். அதில் செய்த தவறுகளை எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில மாதங்கள் மிச்சமாகும்.

முதலில் செய்த தவறு, வரலாற்றில் கிடைத்த பெயருக்கு விலை வைத்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையும் மோதின. பிரெஞ்சு இடது பக்கத்தில் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதற, அந்தப் பக்கமே குலைந்தது. லாலிக்கு அடுத்த தளபதியான புஸ்ஸி சிறைப்பட்டார். இதைப் படித்த சூட்டில் ஆங்கிலேயப் பீரங்கிக்கு 10 பாயிண்ட் கூட்டிவிட்டோம். அதற்கப்புறம் யாருமே பீரங்கி வாங்கவில்லை. அந்த வெடிப்பு ஒரு நாள், ஓர் இடத்தில் நடந்தது. அது வேண்டுமென்றால் அந்தப் போருக்கான தனி விதியில் வர வேண்டும். எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான விலையில் அதைச் சேர்க்கக் கூடாது. இந்த மேசையில், இந்த விதிகளோடு, சராசரியாக இந்த யூனிட் என்ன செய்யும் என்பதுதான் பாயிண்ட் விலை.

அதே காரணத்தால், சில போர்களைப் பாயிண்டால் சமன் செய்யவே முடியாது. 1751-ல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் சில நூறு பேரோடு 50 நாள் தாக்குப் பிடித்தார். வெளியே, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிபின் படை பல மடங்கு பெரியது. உள்ளே இருந்த சிப்பாய்க்கு விலையைக் குறைத்து இரு பக்கத்தையும் சமமாக்க முயன்றால், அந்த விலை அடுத்த வாரம் ஆரணிப் போரில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். முற்றுகை ஆட்டத்தில் மாற்ற வேண்டியது வெற்றி நிபந்தனையைத்தான். பன்னிரண்டாவது சுற்று முடியும் வரை வாசல் விழாமல் இருந்தால் கோட்டைக்காரருக்கு வெற்றி என்று வைத்தோம். விலையில் கை வைக்காமலே ஆட்டம் சரியானது.

இனிக் கொஞ்சம் கணக்கு. பகடையில் விழும் எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளும் சலுகைக்கு (+1) எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை வைப்பது எங்கும் காணும் பிழை. 6 விழுந்தால் மட்டும் அடிக்கும் யூனிட்டுக்கு ஒன்று கூட்டினால், வாய்ப்பு ஆறில் ஒன்றிலிருந்து ஆறில் இரண்டாகும். அதாவது இரட்டிப்பு. 3-லிருந்து மேலே எது விழுந்தாலும் அடிக்கும் யூனிட்டுக்கு அதே ஒன்றைக் கூட்டினால், ஆறில் நான்கு ஆறில் ஐந்தாகும். கால் பங்குதான் கூடுகிறது. இரண்டுக்கும் "+1 என்றால் 4 பாயிண்ட்" என்று எழுதினால், முதலாவது மலிவு, இரண்டாவது வீண் செலவு.

இதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. 20 பாயிண்ட் சிப்பாய் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுடும் திறனை இரட்டிப்பாக்கினால் விலை 40 என்றுதான் மனம் சொல்லும். ஆனால் சாதாரண யூனிட் இரண்டை அதற்கு எதிரே நிறுத்திச் சுட்டுப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து அதை முறித்துவிடும். திறன் இரட்டிப்பானாலும் அது அடி தாங்குவது ஒரு யூனிட் அளவுக்குத்தான். எதிரே இருப்பவை இரண்டு யூனிட் அளவுக்குத் தாங்கும். எண்ணிக்கையின் பலன் அதன் வர்க்கமாகக் கூடுகிறது என்பதை லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முதல் உலகப்போர்க் காலத்தில் கணக்காக எழுதி வைத்தார். அதன்படி, சுடும் திறனையும் தாங்கும் திறனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் யூனிட்டின் மதிப்பு கிடைக்கும். சுடும் திறன் மட்டும் இரட்டித்தால் 28, தாங்கும் திறன் மட்டும் இரட்டித்தாலும் 28. இரண்டும் இரட்டித்தால் 40. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 8 என்று கூட்டிப் பட்டியல் போட்டிருந்தால் 36 தான் வரும். அந்த 4 பாயிண்ட் இடைவெளியைக் கெட்டிக்கார ஆட்டக்காரர் இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிடுவார்.

இந்த வர்க்கக் கணக்கு தூரத்தில் நின்று சுடுவதற்குத்தான். கைகலப்பில், முன்வரிசை மட்டுமே மோதும் இடத்தில், பின்னால் நிற்கும் கூட்டம் அவ்வளவாக உதவாது. அங்கே தரத்துக்கு விலை அதிகம். மராத்தாக் குதிரையின் வாளுக்கும் சிப்பாயின் துப்பாக்கிக்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்தியது எங்கள் பெரிய பிழை.

எங்களை அதிக நாள் அலைக்கழித்தது மலிவு யூனிட்கள். பாதி யூனிட்களை இழந்தால் படை முறியும், அதாவது தோற்றுவிடும் என்பது எங்கள் விதி. காட்பாடி நண்பர் பத்து யூனிட் படையோடு, யூனிட்டுக்கு 6 பாயிண்ட் வீதம், பயிற்சியில்லாத சேவகர் யூனிட் ஆறு வாங்கினார். மொத்தம் 36 பாயிண்ட். அவற்றை ஏரிக்கரைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அவை ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ஆனால் 5 யூனிட் இழந்தால் முறிய வேண்டிய படை, இப்போது 8 இழந்தால்தான் முறியும். சேவகருக்கு விலையை 6-லிருந்து 8, பிறகு 10 என்று ஏற்றினோம். ஒளித்து வைக்க அப்போதும் வாங்கினார்கள். சண்டைக்கு இறக்கத்தான் யாரும் வாங்கவில்லை. நவாபின் படை என்றால் பயிற்சியில்லாத பெருங்கூட்டம் அதில் இருக்க வேண்டும், அந்தக் கூட்டம் மேசையிலிருந்தே மறைந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கடைசியில் விலையைப் பழையபடி 6 ஆக்கி, முறிவுக் கணக்கில் சேவகர் யூனிட்டைச் சேர்ப்பதில்லை என்று விதியை மாற்றினோம். கோளாறு விலையில் இல்லை, அந்த விலை எதை வாங்குகிறது என்பதில் இருந்தது.

யானையும் இப்படித்தான். ஆற்காட்டில் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை வாசலை இடிக்க ஓட்டினார்கள். துப்பாக்கிச் சூட்டில் மிரண்டு அவை சொந்தப் படையையே மிதித்தன. மிரளும் விதி இருக்கும் ஆட்டத்தில், யானையின் பலத்தை மட்டும் பார்த்து விலை வைக்க வேண்டாம்.

அப்புறம், அவசரம். பத்து ஆட்டத்தில் ஒரு படை ஏழில் ஜெயித்தால் உடனே பேனாவை எடுத்துவிடுகிறோம். இரு பக்கமும் முழுச் சமமாக இருந்தாலும், பத்து ஆட்டத்தில் 7-3 அல்லது அதைவிடச் சாய்ந்த முடிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை தானாகவே வரும். இருபது ஆட்டத்தில் 14-6 என்றால் கொஞ்சம் நம்பலாம். அதிலும் ஆட்டக்காரர்கள் படையை மாற்றிக்கொண்டு ஆடியிருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் அளப்பது ஆளை. ஒரு தடவைக்கு ஒரு விலையை மட்டும் மாற்றுங்கள்.

ஆரணியிலிருந்து வரும் தம்பி போன மாதம் கேட்டார்: "அண்ணா, நவாப் குதிரைக்கு 30 பாயிண்ட் ரொம்ப அதிகம்ணா. நாலு ஆட்டமா ஒண்ணுமே செய்யல." விலையைக் குறைக்கக் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டோம். பிறகு அந்த நாலு ஆட்டத்தின் மேசைப் படங்களை எடுத்துப் பார்த்தோம். நம் ஊர் போலவே இருக்க வேண்டும் என்ற ஆசையில், நஞ்சை வயலும் ஏரியும் மாந்தோப்புமாக முக்கால் மேசையை நிரப்பியிருந்தோம். குதிரை ஓடத் தரையே இல்லை. இப்போது தடை நிலம் மேசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறோம். குதிரையின் விலை 30 அப்படியே இருக்கிறது. போன ஞாயிறு தம்பியின் குதிரைகள் பாலாற்று மணலைத் தாண்டி என் பீரங்கிகளைப் பிடித்தன.