குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு கொடுப்பது எப்படி: முதல் குறிப்பிலிருந்து உத்தரவு கைக்கு வரும்வரை

"அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. அடிக்காமல் இருந்தால் போதும்." சட்ட உதவி கேட்டு வரும் பெண்கள் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். கேஸ் போட்டால் போலீஸ், கைது, விவாகரத்து என்று போய்விடுமோ என்ற பயத்திலேயே வருடக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள்.

2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் இவர்களுக்காகவே எழுதப்பட்டது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. நடுவர் நீதிமன்றத்தில்தான் (மாஜிஸ்திரேட் கோர்ட்) மனு போட வேண்டும், ஆனால் அங்கே கேட்பது தண்டனை இல்லை: தங்க இடம், செலவுக்குப் பணம், பிள்ளைகள், நிம்மதி. விவாகரத்து கேட்கத் தேவையில்லை. நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு உத்தரவை எதிர்த்தரப்பு மீறினால்தான் ஜெயில் என்ற பேச்சே வரும்.

மனைவிக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைக்காதீர்கள். மகனிடம் அடிபடும் அம்மா, அண்ணன் வீட்டில் கொடுமைப்படும் தங்கை, தாலி கட்டாமல் கணவன் மனைவி போல் சேர்ந்து வாழ்ந்தவர் எல்லோரும் மனு கொடுக்கலாம். மாமியார், நாத்தனார் மீதும் கொடுக்கலாம். எதிர்மனுதாரர், அதாவது யார் மேல் மனு கொடுக்கிறோமோ அவர், வயதுவந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றிருந்த வரியை உச்ச நீதிமன்றம் 2016-ல் நீக்கிவிட்டது. ஆண்கள் இதன்கீழ் மனு கொடுக்க முடியாது. அவர்களுக்கு வழக்கமான காவல் நிலையப் புகார்தான் வழி.

அடி விழுந்தால்தான் வன்முறை என்பதும் இல்லை. கேவலமாகத் திட்டுவது, விருப்பமில்லாமல் உறவுக்குக் கட்டாயப்படுத்துவது, செலவுக்குக் காசு கொடுக்காமல் இருப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, நகையை அடகு வைப்பது என எல்லாவற்றையும் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

முதலில் உயிர்

இப்போதே ஆபத்து என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 112-க்குப் பேசுங்கள். 181 பெண்களுக்கான உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் போனை வீட்டில் யாராவது நோண்டுவார்கள் என்றால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிடுங்கள். போக இடம் இல்லை என்றால் தங்குமிடமும் அவர்கள் வழியாகவே கேட்கலாம்.

படி 1: தேதி போட்டு எழுதுங்கள்

வழக்கு பலமாக நிற்பதும் படுப்பதும் பெரும்பாலும் இங்கேதான். பல மனுக்களில் "எதிர்மனுதாரர் என்னை அடிக்கடி அடித்துத் துன்புறுத்தினார்" என்று ஒரே வரி இருக்கும். இதை வைத்து நீதிபதி என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"தை மாதம் இரண்டாவது செவ்வாய், இரவு 9 மணி இருக்கும். சோறு குழைந்துவிட்டது என்று தட்டோடு எறிந்தார். விளிம்பு பட்டு இடது புருவத்தில் ரத்தம் வந்தது. சின்னவன் பார்த்துக்கொண்டிருந்தான். மாடி வீட்டு அக்கா வந்து துணி வைத்துக் கட்டினார்."

நாள், நேரம், காரணம், காயம், பார்த்தவர் எல்லாம் நாலு வரியில் வந்துவிட்டன. ஆங்கிலத் தேதி ஞாபகம் இல்லை என்றால் பொங்கலுக்கு முன்பா பின்பா, பிள்ளைக்குப் பரீட்சை நடந்ததா என்று யோசித்துப் பிடியுங்கள். முதல் சம்பவம், மோசமான சம்பவம், கடைசிச் சம்பவம் இந்த மூன்றையாவது இப்படி எழுதிவிடுங்கள். நடந்ததைக் கூட்டி எழுத வேண்டாம். குறுக்கு விசாரணையில் ஒரு பொய் வெளியே வந்தால் பத்து உண்மையும் அதோடு போய்விடும்.

எழுதிய நோட்டை வீட்டில் வைக்காதீர்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, போட்டோ, நகை ரசீது எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, நம்பிக்கையான ஆள் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மிரட்டல் மெசேஜ், ஆடியோ இருந்தால் அவை வந்த போனை மாற்றவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, மூலம் எங்கே என்று கேட்பார்கள்.

படி 2: டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்

அரசு மருத்துவமனையில் "எப்படிம்மா அடிபட்டது?" என்று கேட்பார்கள். கணவர் பக்கத்திலேயே நிற்பார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று வாயில் வந்துவிடும். அதுவே விபத்துப் பதிவேட்டில் ஏறும், ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளைத்தான் தூக்கிக் காட்டுவார். கணவரை வெளியே அனுப்பச் சொல்லி டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். யார், எதனால் அடித்தார் என்று சொல்லி எழுத வையுங்கள். அந்தப் பதிவேட்டின் நகலை ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தெரியும், அதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தால் அதோடு எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் மனுவில் எழுதலாம்.

படி 3: எந்தக் கதவைத் தட்டுவது?

என்னைக் கேட்டால் முதலில் பாதுகாப்பு அலுவலர். தமிழ்நாட்டில் சமூக நலத்துறையின்கீழ் மாவட்டம்தோறும் இருக்கிறார். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நடந்ததைக் கேட்டு, சட்டம் சொல்லும் படிவத்தில் குடும்ப வன்முறை அறிக்கை தயாரித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் வேலை. உங்களுக்காகப் பக்கத்து வீட்டாரோ தோழியோகூடத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு எதுவும் வராது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகா அளவில் வட்டக் குழு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ம் வருடச் சட்டம் சொல்கிறது. 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

காவல் நிலையத்துக்கும் போகலாம். பலத்த காயம், கொலை மிரட்டல், வரதட்சணைக் கொடுமை என்றால் போகத்தான் வேண்டும். வரதட்சணைக் கொடுமைக்கு முன்பு 498ஏ என்றார்களே, அது 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. புகார் கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். சில இடங்களில் இருவரையும் உட்கார வைத்து "அனுசரிச்சுப் போம்மா" என்று பேசி, எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

படி 4: மனுவில் என்ன கேட்பது

நீங்கள் இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்களோ அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம், தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் சரி. புகுந்த வீடு கோயம்புத்தூர், இப்போது இருப்பது திருநெல்வேலியில் அம்மா வீடு என்றால் திருநெல்வேலியே போதும். சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த மனுவுக்கு அந்தக் கெடு இல்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

"தகுந்த நிவாரணம் வழங்க வேண்டுகிறேன்" என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள், தனித்தனியாகக் கேளுங்கள். என்னை நெருங்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, போனில் தொல்லை கொடுக்கக் கூடாது. அதே வீட்டில் இருக்க வேண்டும், அல்லது அதே வசதியில் வேறு வீட்டுக்கு வாடகை தர வேண்டும். எனக்கும் பிள்ளைகளுக்கும் மாதச் செலவு இவ்வளவு. என் சீதன நகை, பாத்திரம் திரும்ப வேண்டும். பிள்ளைகள் என்னிடம் இருக்க வேண்டும். பட்ட பாட்டுக்கு இழப்பீடு. எது தேவையோ அது.

மாதச் செலவைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் வாடகை, பால், பள்ளிக் கட்டணம், மருந்து என்று கணக்குப் போட்டு எழுதுங்கள். அவருடைய வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்ற கவலை வேண்டாம். 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி பராமரிப்புத் தொகை கேட்கும் வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாக (சத்தியம் செய்து கொடுக்கும் அஃபிடவிட்) கொடுக்க வேண்டும்.

"வீடு மாமனார் பெயரில் இருக்கிறதே?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கணவரோடு குடும்பமாக நிலையாக வாழ்ந்த வீடு என்றால், பத்திரம் மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையைக் கேட்கலாம். இதுவும் 2020-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த இன்னொரு தீர்ப்புதான். சொத்தில் பங்கு கேட்பது தனி விஷயம், இங்கே கேட்பது இருப்பதற்கு மட்டும். கணவரை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லியும் உத்தரவு வாங்கலாம். ஆனால் மாமியாரையோ வேறு பெண்களையோ அப்படி வெளியேற்றச் சட்டம் இடம் தரவில்லை.

படி 5: நீதிமன்றத்தில்

முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தா போகும். அதனால்தான் இடைக்கால உத்தரவு. பிரதான மனுவோடு பிரமாண வாக்குமூலம் வைத்து அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். ஆபத்து அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே, உங்கள் வாக்குமூலத்தை மட்டும் பார்த்து நீதிபதி உத்தரவு போடலாம். எல்லோர் முன்னாலும் பேசக் கூச்சமாக இருந்தால் மூடிய அறையில் விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 6: உத்தரவு வந்த பிறகு

நகல் இலவசம். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றமே ஒன்று அனுப்ப வேண்டும். அப்புறம், போனில் ஒரு படம், பையில் ஒரு ஜெராக்ஸ், அம்மா வீட்டில் ஒன்று. பாதுகாப்பு உத்தரவை மீறி வாசலில் வந்து நின்றால் அதுவே குற்றம்: 1 வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத பிரிவு, வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். மாதப் பணம் தராமல் இழுத்தடித்தால், அவர் வேலை பார்க்கும் இடத்திலிருந்தே சம்பளத்தில் பிடித்து உங்களுக்குத் தர உத்தரவிடும்படி மனு போடலாம்.

உத்தரவு உங்களுக்குச் சாதகமாக இல்லையென்றால் 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் (செஷன்ஸ் கோர்ட்) மேல்முறையீடு செய்ய வேண்டும். நகல் கைக்கு வந்த தேதியை அதன் ஓரத்திலேயே பேனாவால் குறித்து வையுங்கள்.