பார்கின்சன் ஆய்வுகளில் வரும் 'டிஸ்கைனீசியா': புதிதாகப் படிப்பவர்களுக்கு

அப்பாவுக்குப் பார்கின்சன் என்று தெரிந்தபின்தான் நான் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கினேன். முதல் சில மாதங்கள் ஒன்றும் விளங்கவில்லை. இப்போது நான் படிக்கும் வரிசையை அப்படியே சொல்கிறேன்.

முதல் படி, இரண்டு அசைவுகளைப் பிரித்துக்கொள்வது. மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்கினால் அது நோயின் நடுக்கம். உடம்பு நெளிவது, தலை ஆடுவது, கால் தானாக வீசுவது டிஸ்கைனீசியா. இது பெரும்பாலும், மூளையில் டோபமினாக (நரம்பணுக்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம்) மாறும் லெவோடோபா மாத்திரையைச் சில வருடங்கள் எடுத்தபின், மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வருவது. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் லெவோடோபாவை அதிக அளவில் கொடுத்த மருத்துவர் கோட்சியாஸ் அப்போதே இதைக் கவனித்துவிட்டார்.

அடுத்து ஏற்பிகள். மூளையின் ஸ்ட்ரையாட்டம் பகுதியில், டோபமின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. டி1 ஏற்பி உள்ள நரம்பணுக்கள் அசைவைத் தூண்டும், டி2 உள்ளவை அசைவைத் தடுக்கும். டோபமின் முதல் வகையை முடுக்கிவிட்டு இரண்டாவதை அமர்த்துவதால் நாம் சுலபமாக அசைகிறோம். பார்கின்சனில், டோபமினை அளந்து விடும் அணுக்கள் அழிந்தபின் மாத்திரையிலிருந்து வருவது அலை அலையாக ஏறி இறங்குகிறது (லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான்), பட்டினி கிடந்த டி1 ஏற்பிகளோ ஒவ்வொரு அலைக்கும் அளவுக்கு மீறித் துள்ளுகின்றன.

மூன்றாவது, எலிகளில் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் டோபமின் அணுக்களை அழித்து, லெவோடோபா கொடுத்து, வரும் அசைவுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். விடாமல் வரும் அசைவு, சத்தம் போட்டோ தட்டியோ திசைதிருப்பினால் நின்றால் 3, அப்படியும் நிற்காவிட்டால் 4.

இப்போது சொல்வதுதான் முக்கியம். 'புதிய மருந்து அசைவைக் குறைத்தது' என்று படித்தவுடன் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், நான் பலமுறை அப்படி ஏமாந்திருக்கிறேன். டி1 ஏற்பியை ஒரேயடியாக அடைத்தாலும் நெளிவு குறையும், ஆனால் நடையும் போய்விடும். லெவோடோபா தந்த நன்மை அப்படியே இருந்ததா என்று தனியாகச் சோதித்திருக்கிறார்களா? அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் அந்த ஆய்வை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கடைசியாக, மனிதர்களிடம் சோதித்தார்களா என்று பாருங்கள். குளூட்டமேட் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தின் ஒரு ஏற்பியைக் குறிவைத்த மாவோக்ளூரன்ட் என்ற மருந்து விலங்குகளிலும் ஆரம்பகட்டச் சிறு ஆய்வுகளிலும் நம்பிக்கை தந்தது, பெரிய ஆய்வுகளில் தேறவில்லை. குளூட்டமேட்டின் வேறொரு ஏற்பியை, என்எம்டிஏ ஏற்பியை, அடைக்கும் அமான்டடின் தேறியது. முதலில் ஃப்ளூ காய்ச்சலுக்காக வந்த மருந்து அது. அதன் மெதுவாகக் கரையும் வடிவத்துக்கு 2017இல் அமெரிக்காவில் டிஸ்கைனீசியாவுக்கென்றே அனுமதி கிடைத்தது. அப்பாவின் மருத்துவரிடம் நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதைப் பற்றித்தான்.