திண்டுக்கல் மலைக்கோட்டையின் சிறையறைகளைப் பார்ப்பது எப்படி? மதுரையிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

மதுரைக்காரர்களில் பாதிப் பேர் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பேருந்து சன்னல் வழியாகத்தான் பார்த்திருப்போம். பழனிக்கோ கோயம்புத்தூருக்கோ போகிற அவசரத்தில், தலையணையைத் தூக்கி நிறுத்தியதுபோல ஒரு மொட்டைப் பாறை கண்ணில் படும். திண்டு போன்ற கல் என்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர் என்பார்கள். ஏறிப் பார்த்தவர்களைக் கேட்டால், "மேலேருந்து பார்த்தா ஊரே தெரியும், காத்து அள்ளிக்கிட்டுப் போகும்" என்பார்கள். அங்கே மனிதர்களை அடைத்துவைத்த அறைகள் இருப்பதைச் சொல்கிறவர்கள் குறைவு.

நானும் முதல் தடவை காற்று வாங்கிவிட்டு இறங்கி வந்தவள்தான். இரண்டாம் தடவை அத்தையையும் தம்பி மகனையும் கூட்டிப் போனபோதுதான் அறைகளை ஒழுங்காகப் பார்த்தோம். புதிதாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: போவதற்கு முன் வீட்டில் அரை மணி நேரம்

இதைத் தவிர்க்காதீர்கள். கதை தெரியாமல் போனால் அங்கே இருப்பது வெறும் செங்கல் சுவர்.

மலைமேல் கோட்டை கட்டத் தொடங்கியவர் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர். ஆண்டு 1605. பிறகு திருமலை நாயக்கர் காலத்தில் அது வலுப்பட்டது. வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மதுரைக்கு வருகிற படை இந்தப் பாறையைத் தாண்டித்தான் வரவேண்டும். அதாவது நம் ஊருக்கு இது வாசல் கதவு. 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக, அதாவது படைப் பொறுப்பாளராக வந்தார். மைசூரின் அதிபதியாவதற்கு முன்பு அவர் படை திரட்டிப் பழகிய இடம் இதுதான். பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதச்சாலையும் அமைத்தார். அப்புறம் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1783-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1784-ல் மங்களூர் உடன்படிக்கைப்படி திப்புவிடம் திரும்பக் கொடுத்தார்கள். 1790-ல் மறுபடியும் பிடித்தார்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையோடு அது அவர்களுக்கே என்றானது. 1860 வரை அவர்களுடைய படை இங்கே தங்கியிருந்தது.

இத்தனை ஆண்டுகளில் ஒவ்வொரு தடவை கோட்டை கைமாறியபோதும் தோற்ற பக்கத்து ஆட்கள் என்ன ஆனார்கள்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மலை ஏறுங்கள். மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டுமென்றால் வேலு நாச்சியார் கதையிலிருந்து தொடங்குங்கள். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, மகளோடு அவர் தஞ்சம் புகுந்தது திண்டுக்கல்லுக்கு மேற்கே விருப்பாச்சியில். அடைக்கலம் தந்தவர் அங்கிருந்த பாளையக்காரர் கோபால் நாயக்கர். ஹைதர் அலியின் படை உதவியும் கிடைத்து 1780-ல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். அடைக்கலம் தந்த அதே கோபால் நாயக்கர், பின்னாளில் பாளையக்காரர்களைத் திரட்டி ஆங்கிலேயரை எதிர்த்தார். 1801-ல் பிடிபட்டுத் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேரை 1802-ல் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். அன்றைக்குக் கைதி என்றால் கோட்டையறை, தூக்குமரம், கடல் என்று மூன்று வழிகள் இருந்ததைப் பிள்ளைகள் இதிலிருந்தே புரிந்துகொள்வார்கள்.

இரண்டாம் படி: வெள்ளனே கிளம்புங்கள்

நான் முதல்முறை செய்த தவறு, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அடிவாரத்தில் இறங்கியது. முழுப் பாறையும் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. கையில் ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். பாதி ஏறுவதற்குள் தலை சுற்றிவிட்டது. மேலே போன பிறகு நிழலைத் தேடி ஓடினேனே தவிர எதையும் பார்க்கவில்லை.

ஆரப்பாளையத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு நாள் முழுக்கப் பேருந்து உண்டு. தூரம் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ரயிலில் போக விரும்புகிறவர்கள் காலையில் சென்னைக்குப் போகும் வைகை எக்ஸ்பிரஸில் போகலாம், திண்டுக்கல்லில் நிற்கும். சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புகளையும் கொடைரோட்டுத் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டே போவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வலது பக்கம் சிறுமலை கூடவே வரும்.

நிலையத்திலிருந்து மலையடிவாரம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோவில் ஏறும் முன்பே "மலைக்கோட்டை வாசல் வரைக்கும்" என்று தெளிவாகச் சொல்லிக் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். மேலே கடை கிடையாது. தொப்பி அல்லது துண்டு. பிடிமானம் உள்ள செருப்பு, ஏனென்றால் காலங்காலமாக மிதிபட்டுப் பாறைப் படிகள் வழவழவென்று ஆகிவிட்டன. மழை பெய்த மறுநாள் போகவே வேண்டாம். ஒரு டார்ச்சும் வைத்துக்கொள்ளுங்கள், அறைகளுக்குள் கால் வைக்கும் முன் தரையைப் பார்க்க வேண்டும். கழிப்பறைத் தேவையைக் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: நுழைவும் ஏற்றமும்

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவுச் சீட்டு சிறு தொகைதான். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். கைப்பேசியில் படம் எடுக்கலாம், ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். மாலையில் இருட்டும் முன்பே எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். அதனால் பிற்பகலில் போய் அவசரமாக ஏறி இறங்குவதில் பயனில்லை.

படிகள் பாறையிலேயே வெட்டியவை. உயரம் குறைவு, அகலம் அதிகம். பைய ஏறுங்கள். என் அத்தைக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி வேறு. இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து உட்கார்ந்தே வந்து சேர்ந்துவிட்டார். உட்காருகிற இடங்களில் திரும்பிப் பாருங்கள், பாறை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். மதுரையில் புது ஜெயில் ரோட்டில் போகிறபோது மத்தியச் சிறையின் உயர்ந்த மதிலைப் பார்த்திருப்பீர்கள். அது 1865-ல் வந்தது. தண்டனைக் காலம் முழுக்க ஆட்களை வைத்திருப்பதற்கென்றே கட்டியது. இங்கே அப்படி இல்லை. படை தங்கிய இடம், வெடிமருந்துக் கிடங்கு, குதிரை லாயம், சமையற்கட்டு, கைதி அறை எல்லாம் ஒரே வளாகத்துக்குள். தப்பிக்க நினைத்தவனுக்கு மதிலைவிடப் பாறைச் சரிவுதான் பெரிய தடை.

ஐந்தாம் படி: முதலில் கிடங்கு, பிறகு அறைகள்

மேலே வந்ததும் எல்லோரும் நேராகக் கொத்தளத்துக்குப் போய்ப் படம் எடுப்பார்கள். நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். வெயில் ஏறும் முன்பு கட்டடங்களைப் பாருங்கள்.

முதலில் வெடிமருந்துக் கிடங்கு. இரட்டைச் சுவர். காற்று போக வட்டத் துளைகள். மழைநீர் தங்காமல் வழிந்தோடச் சரிவான கூரை. மருந்து நமத்துப் போகக்கூடாது என்பதற்காக எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெடிமருந்துக்குச் செய்த வசதியை மனதில் வைத்துக்கொண்டு அடுத்துக் கைதி அறைக்குள் நுழைந்தால் உங்களுக்குள் ஏதோ ஒன்று நிற்கும்.

போர்க் கைதிகளையும் அடிமைகளையும் அடைத்துவைக்க இந்தக் கோட்டையில் 48 அறைகள் இருந்ததாகச் சொல்வார்கள். எல்லாவற்றுக்குள்ளும் போக முடியாது. சில இடிந்துவிட்டன, சிலவற்றைப் பூட்டிவைத்திருக்கிறார்கள். எண்ணிக்கைக்காக அலைய வேண்டாம். திறந்திருக்கிற ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து அதில் பத்து நிமிடம் செலவழியுங்கள்.

உள்ளே போகும் முன் வாசலில் நின்று டார்ச் அடியுங்கள். வவ்வாலோ பூச்சியோ இருக்கலாம். பிறகு நுழையும்போது எவ்வளவு குனிகிறீர்கள் என்று கவனியுங்கள். சுவருக்குச் சுவர் காலடியால் அளந்து பாருங்கள். அந்த இடத்தில் எத்தனை பேர் கால் நீட்டிப் படுக்க முடியும் என்று கணக்குப் போடச் சொன்னால் பிள்ளைகள் உடனே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். நிலையில் தாழ்ப்பாள் குழி மிச்சமிருந்தால் அது எந்தப் பக்கம் என்று பாருங்கள். உள்ளிருந்து போடுகிற தாழ் என்றால் அங்கே தங்கியவன் காவல்காரன். வெளியிலிருந்து போடுவது என்றால் வேறு ஆள்.

அப்புறம் டார்ச்சை அணையுங்கள். கைப்பேசியை உள்ளே வையுங்கள். சுவரில் சாயாமல், பேசாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். வெளிச்சம் எந்த மூலையிலிருந்து வருகிறது, அது தரையில் எவ்வளவு தூரம் விழுகிறது என்று தெரிய ஆரம்பிக்கும். கீழே ஊரின் ஹாரன் சத்தமும் எங்கேயோ ஒரு கோயில் ஒலிபெருக்கியும் மெதுவாகக் கேட்டன. ஊர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் போக முடியாதது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தம்பி மகன் அந்த இருட்டில் கேட்டான்: "அத்தை, இங்கிட்டு அடைச்சுவச்சவங்க பேரெல்லாம் எங்க எழுதியிருக்கு?"

எனக்குச் சொல்லப் பதில் இல்லை. கோட்டையைக் கட்டிய அரசர் பெயர் தெரியும். பிடித்த தளபதி பெயர் தெரியும். எந்த ஆண்டு எந்த உடன்படிக்கை என்பதும் தெரியும். உள்ளே கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் பேர் தெரியாத சிப்பாய்கள், கூலிகள், அடிமைகள். "எழுதி வைக்கலடா" என்றேன். அத்தை மட்டும் வாசல்படியில் கையை வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயில் வாசலில் செய்வதைப்போலவே.

ஆறாம் படி: செய்யக்கூடாத ஒன்று

அறைச் சுவர்களில் இதயம் வரைந்து பெயர் கீறியிருக்கிறார்கள். பார்க்கவே நெஞ்சு எரிகிறது. அடைபட்டவன் பெயர் இல்லாத சுவரில், சுற்றிப் பார்க்க வந்தவன் பெயர் இருக்கிறது. 1958-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். பிள்ளைகளிடம் இதை மேலே ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். மதில்மேல் ஏறி நின்று படம் எடுக்கவும் விடாதீர்கள், சில இடங்களில் அந்தப் பக்கம் நேர்ச்சரிவு.

ஏழாம் படி: இப்போது காற்று வாங்குங்கள்

மழைநீர்ச் சுனைகளைப் பாருங்கள். பாறைச் சரிவையே வாய்க்காலாக்கி நீரைச் சேர்த்திருக்கிறார்கள். இந்த நீர் இல்லாவிட்டால் முற்றுகையில் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க முடியாது. உச்சியில் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது, உள்ளே சிலை இல்லை. அம்மன் இப்போது கீழே ஊருக்குள் காளகஸ்தீஸ்வரர் கோயிலில் இருக்கிறாள். அங்கேயும் போய்க் கும்பிட்டு வரலாம். கொத்தளத்தில் நின்றால் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர். வானம் தெளிவாக இருக்கிற நாளில் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இறங்கிய பிறகு

ஏறியதைவிட இறங்கும்போதுதான் கால் வழுக்கும். பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பசிக்குச் சீரகச் சம்பா பிரியாணி எங்கே திரும்பினாலும் கிடைக்கும். நேரமிருந்து வண்டியும் இருந்தால் பழனி சாலையில் விருப்பாச்சி வரை போய்க் கோபால் நாயக்கர் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு வரலாம். மேலே கேட்ட கதைக்கு அங்கே ஒரு முகம் கிடைக்கும்.

நாங்கள் அன்றைக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. பூட்டுக் கடைக்குத்தான் போனோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இன்னும் கையால் ராவிச் செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. அத்தை ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்கினார். பேருந்தில் தம்பி மகன் அதைப் பூட்டுவதும் திறப்பதுமாகவே வந்தான். வாடிப்பட்டி தாண்டும்போது பூட்டைத் திறந்தபடியே என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கிப் போனான்.