டயலிசிஸ் நல்லா நடக்குதா? ஒரு சி.ஆர். கொப்பியில் பார்க்கும் விதம்

கனடாவில் இருக்கும் அண்ணா ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்க அம்மாவை நல்லாப் பாக்கினமோ?" அவரின் அம்மா எனக்குப் பெரியம்மா. டயலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவது நான். முதல் ஆறு மாதமும் என் பதில், "ஓம் அண்ணா, ஏசி இருக்கு, நேர்ஸ்மார் அன்பாக் கதைக்கினம்." ஏசி இரத்தத்திலிருந்து யூரியா என்ற கழிவை எடுக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

டயலிசிஸ் என்றால், சிறுநீரகம் செய்யாத வேலையை மெஷின் செய்து இரத்தத்தைச் சுத்தமாக்குவது. பிஸ்டுலா என்றால், அதற்கு ஊசி குத்தக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துச் செய்த இடம். நேராக வேலைக்கு வருவோம்.

முதலில் கொப்பி. 80 பக்க சி.ஆர். கொப்பி (கோடு போட்ட தடித்த அட்டைக் கொப்பி) போதும். அண்ணா எக்செல் அனுப்பினார், போனில் ஒரு ஆப்பும் போட்டுத் தந்தார். இரண்டையும் விட்டுவிட்டேன். வார்டில் வைத்தியர் வந்து நிற்கும் இரண்டு நிமிடத்தில் கையில் விரித்துக் காட்டக்கூடியது கொப்பி மட்டும்தான்.

எடையும் நேரமும். மெஷினில் ஏறமுன் எடை, இறங்கியபின் எடை, வைத்தியர் சொன்ன உலர் எடை (உடம்பில் மிச்ச நீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடை). எப்போதும் ஒரே தராசு, செருப்பில்லாமல். பக்கத்தில் மெஷின் ஓடத் தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் எழுதுங்கள். கதிரையில் இருந்த நேரத்தை அல்ல.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பெரியம்மா 58 கிலோ. 3 லீட்டர் நீரை 4 மணித்தியாலத்தில் எடுத்தால், ஒரு கிலோவுக்கு மணிக்கு ஏறத்தாழ 12.9 மில்லிலீட்டர். 13ஐத் தாண்டினால் இதயத்துக்குப் பாரம் கூடும். அதே 3 லீட்டரை மூன்றரை மணித்தியாலத்தில் எடுத்தால் 14.8 ஆகிவிடும். பெரியம்மா இறங்கும்போது தலைசுற்றி, கெண்டைக்கால் பிடித்து இழுத்த நாட்கள் எல்லாம் 13ஐத் தாண்டிய நாட்களாகத்தான் இருந்தன.

யூரியாக் கணக்கு. நான் சறுக்கியது இங்கேதான். டயலிசிஸுக்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்து யூரியா பார்ப்பார்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, முன்னதால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் வருவது யூ.ஆர்.ஆர். (URR), அதாவது யூரியா எத்தனை வீதம் குறைந்தது என்பது. வாரம் மூன்று முறை செய்பவருக்கு 65 வீதத்துக்குக் குறையக்கூடாது. சில ரிப்போட்டில் கேடி/வி (Kt/V) என்று இருக்கும், அதுவும் டயலிசிஸ் போதுமா என்று காட்டும் எண்தான். அதில் குறைந்தது 1.2, இலக்கு 1.4.

நான் முதல் போட்ட கணக்கில் முன் 25, பின் 4. அதாவது 84 வீதம்! அண்ணாவுக்கு உடனே வாய்ஸ் மெசேஜ். அடுத்த மாதம் முன் 24, பின் 9.6. 60 வீதம். ஒரே மாதத்தில் இவ்வளவு விழுமா என்று பதறிப்போய், ரிப்போட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பிழை 60இல் இல்லை, 84இல். ஒரு மூத்த நேர்ஸ் பொறுமையாகச் சொல்லித் தந்தார். முதல் மாதம் பின்-மாதிரியை, மெஷினில் சுத்தமாகித் திரும்பி வரும் நீலக் குழாயில் எடுத்திருக்கிறார்கள். அது பெரியம்மாவின் உடம்பில் ஓடும் இரத்தமே அல்ல. சரியான முறை: முன்-மாதிரியை ஊசி குத்தியவுடன், சேலைனோ ஹெப்பரினோ (இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து) போகமுன் எடுக்க வேண்டும். பின்-மாதிரிக்கு, முடியும் தறுவாயில் பம்பை நிமிடத்துக்கு 100 மில்லிலீட்டராகக் குறைத்து, ஒரு 15 செக்கன் விட்டு, உடம்பிலிருந்து வெளியே வரும் சிவப்புக் குழாயில் எடுக்க வேண்டும். இரண்டு ரிப்போட்டும் ஒரே அலகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மில்லிமோலில் (mmol/L) உள்ள யூரியாவை 6ஆல் பெருக்கினால்தான் மில்லிகிராம் (mg/dL) வரும்.

அப்போ 60 ஏன்? கொப்பியின் நேரப் பத்தியைப் புரட்டினேன். மெஷின் ஓடியது 3 மணித்தியாலம் 30 நிமிடம், அடுத்த நாள் 3.35, பிறகும் 3.30. பருத்தித்துறை பஸ்ஸைப் பிடிக்க, "மிஸ், கொஞ்சம் முந்தி இறக்கிவிடுங்கோ" என்று நாங்களே கேட்டு வாங்கிய அரை மணித்தியாலம்! அதன்பிறகு ஓட்டோவுக்குக் காசு ஒதுக்கி, முழு 4 மணித்தியாலமும் இருத்தினோம். அடுத்த ரிப்போட்டில் முன் 24, பின் 8. கிட்டத்தட்ட 67 வீதம்.

கை. பிஸ்டுலாவில் தினமும் காலையில் விரல் வைத்துப் பாருங்கள், பூனை உறுமுவதுபோல அதிர வேண்டும். அதிர்வு நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள். நேர்ஸ் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது கை கழுவி, கையுறை மாற்றுகிறாரா என்று கவனியுங்கள். ஹெபடைடிஸ் பி, சி (இரத்தத்தால் தொற்றும் ஈரல் நோய்) பரிசோதனை எப்போது செய்தார்கள் என்பதையும் கொப்பியில் குறியுங்கள்.

தண்ணீர். பலர் கேட்காத கேள்வி இது. நிமிடத்துக்கு 500 மில்லிலீட்டர் வீதம் 4 மணித்தியாலத்தில் 120 லீட்டர் நீர் மெஷினுக்குள் போகிறது. எங்கள் சுண்ணாம்புக்கல் மண்ணின் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளைப் படை கட்டுவதைத் தெரியும்தானே. மெஷினுக்குப் போகும் தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆர்.ஓ. (RO) வடிகட்டி எப்போது சர்வீஸ் செய்தது, தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். பொலிஸ்காரர் மாதிரிக் கேட்காமல், "தம்பி, எனக்கு இதைக் காட்டுவீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு மெஷின் பார்க்கும் தம்பி பதிவேட்டையே விரித்துக் காட்டினார்.

பிற்சேர்க்கை: "எங்களுக்கு வாரம் இரண்டு தரம்தான் கிடைக்குது, 65 போதுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த எண் மூன்று தரம் செய்பவர்களுக்கானது. இரண்டு தரம் என்றால் 65ஐப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. இன்னும் எவ்வளவு சிறுநீர் போகிறது என்பதும் அந்தக் கணக்கில் சேரும். 24 மணித்தியாலச் சிறுநீரை ஒரு போத்தலில் சேர்த்து அளந்து, கொப்பியில் எழுதி, வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: அளக்கும் போத்தலைக் குசினியில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அது ஒருநாள் நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் போய் நின்றது.