பையில் இருக்கும் லென்ஸை எடுத்து வையுங்கள்: கிராப் கேமராவா, ஃபுல் ஃப்ரேமா?

வியாசர்பாடியில் கால்பந்து ஆட்டங்களைப் படம் எடுக்கும் தம்பி ஒருவன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். "அண்ணா, ஃபுல் ஃப்ரேமுக்கு மாறப் போறேன், எந்த பாடி எடுக்கலாம்?" என்று கேட்டான். "பையில என்னென்ன லென்ஸ் வச்சிருக்க, எடுத்து வைப்பா" என்றேன். கேனன் 700டி என்ற கிராப் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அதோடு 18-55, 55-250, 50 எஃப் 1.8 என்று மூன்று லென்ஸ். முதல் எண்கள் எத்தனை மி.மீ. லென்ஸ் என்பது, அது கூடக் கூடத் தூரம் நெருங்கித் தெரியும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து ஒளியைக் கூடுதலாக விடும். ஆரம்பிக்கிற பலர் வைத்திருப்பதும் ஏறக்குறைய இதேதான். அதனால் அவனோடு உட்கார்ந்து போட்ட கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன அடிப்படை. சென்சார் என்பது கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கும் தகடு. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம், பழைய ஃபிலிம் ரோலில் ஒரு படத்தின் அளவு அது. கிராப் என்பது அதைவிடச் சின்ன சென்சார்: நிக்கான், சோனியில் சுமார் 23.5 × 15.6, கேனனில் இன்னும் கொஞ்சம் சிறிது. லென்ஸ் காட்டும் காட்சியின் ஓரங்களை இந்தச் சின்ன சென்சார் விட்டுவிடுகிறது. கேனன் கிராப்பில் 50 லென்ஸ் போட்டால், ஃபுல் ஃப்ரேமில் 80 லென்ஸ் போட்ட மாதிரி காட்சி நெருங்கித் தெரியும். கேனனுக்கு 1.6, மற்ற இரண்டுக்கும் 1.5 என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: லென்ஸ் மேல் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்

லென்ஸைக் கழற்றி, பாடியில் மாட்டும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கேனனில் வெள்ளைச் சதுரம் இருந்தால் அது இஎஃப்-எஸ், கிராப்புக்கு மட்டும் செய்தது. சிவப்புப் புள்ளி இருந்தால் இஎஃப், இரண்டுக்கும் ஆகும். தம்பியின் மூன்றில் 50 மட்டும்தான் சிவப்பு.

நிக்கானில் டிஎக்ஸ் என்று எழுதியிருந்தால் கிராப். சிக்மாவில் டிசி கிராப், டிஜி ஃபுல் ஃப்ரேம். டாம்ரானின் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) லென்ஸ்களில் வெறும் டிஐ என்றால் ஃபுல் ஃப்ரேம், டிஐ 2 என்றால் கிராப். சோனியில் எஃப்இ என்று போட்டது ஃபுல் ஃப்ரேம், வெறும் இ என்றால் கிராப்.

கிராப் லென்ஸை ஃபுல் ஃப்ரேமில் போட்டால் என்ன ஆகும்? கேனன் டிஎஸ்எல்ஆரில் இஎஃப்-எஸ் மாட்டவே மாட்டாது, வம்படியாகத் திருக வேண்டாம். கேனன் மிரர்லெஸ்ஸில் (அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா) அடாப்டர் என்ற இடை வளையம் போட்டால் மாட்டும். நிக்கானிலும் சோனியிலும் மாட்டும். ஆனால் கேமரா தானாகவே படத்தை வெட்டிக்கொள்ளும். 24 மெகாபிக்சலுக்குக் காசு கொடுத்து வாங்கிய பாடியில் கையில் கிடைப்பது பத்துக்குப் பக்கம்தான்.

நிக்கான்காரர்களுக்கு இன்னொன்று. டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால் 50 எஃப் 1.8 டி மாதிரிப் பழைய லென்ஸைக் கையால்தான் ஃபோகஸ் செய்திருப்பீர்கள். டி750 போன்ற பாடிக்குப் போனால் அதே லென்ஸில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். இசட் வரிசை மிரர்லெஸ்ஸுக்கு எஃப்டிஇசட் அடாப்டரோடு போனால் மறுபடியும் கைதான்.

படி 2: பழைய படங்களை எண்ணுங்கள்

உங்களுக்குப் பிடித்த நூறு படங்களைத் தனி ஃபோல்டரில் போடுங்கள். ஒவ்வொன்றின் விவரத்தையும் திறந்து எத்தனை மி.மீ., எவ்வளவு ஐஎஸ்ஓ (இருட்டில் கேமரா ஒளியைக் கூட்டிக் காட்டும் அளவு) என்று நோட்டில் குறியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு மாலையில் முடிந்துவிடும். தம்பியின் நூறில் பாதிக்கு மேல் 250-இல் எடுத்தவை. ஆட்டம் எதிர் கோல் பக்கம் நடக்கும்போது ஜூமை முழுக்க இழுத்தும் அவனுக்குப் போதவில்லை.

படி 3: உங்கள் குறை தூரமா, இருட்டா?

நோட்டில் பெரிய மி.மீ. எண்கள் நிறைய இருந்தால் குறை தூரம், பெரிய ஐஎஸ்ஓ எண்கள் நிறைய இருந்தால் இருட்டு. தூரம் என்றால் கிராப்பிலேயே இருங்கள் என்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தபோது, கரையில் நின்று கூழைக்கடாக்களைப் படம் எடுத்தேன். பக்கத்தில் போனால் பாவம், பறக்க முடியாமல் தத்தளிக்கும். கிராப் பாடியில் 300 லென்ஸ், அதாவது 480-க்கான காட்சி. இறகு இறகாக ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு அதில் தெரிந்தது. அதே லென்ஸை 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் போட்டு, அதே அளவு காட்சிக்கு வெட்டியிருந்தால் ஒன்பது மெகாபிக்சல்தான் மிஞ்சியிருக்கும்.

இருட்டு என்றால் கதை வேறு. காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் மீன் ஏலம். விளக்குக்கு நேர் கீழே வஞ்சிரம் பளபளக்கும். இரண்டடி தள்ளிக் கூடை வைத்திருக்கும் அக்காவின் முகம் நிழலில் கிடக்கும். அங்கே கிராப் பாடியில் ஐஎஸ்ஓ 6400 போனால் நிழலெல்லாம் மணல் கொட்டினாற்போல் நாய்ஸ். ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்த ஃபுல் ஃப்ரேமில் எடுத்தால், அந்த 6400 கிராப்பின் 2500 அளவுக்குத் தெளிவாக வரும்.

இடம் நெருக்கடியாக இருந்தாலும் ஃபுல் ஃப்ரேம் உதவும். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் ஒருவரை 50 லென்ஸில், கேமராவை நிமிர்த்திப் பிடித்து, தலை முதல் கால் வரை எடுக்க கேனன் கிராப்பில் நாலு மீட்டராவது பின்னால் போக வேண்டும். முதுகு எதிர்ச் சுவரில் இடிக்கும். ஃபுல் ஃப்ரேமில் இரண்டரை மீட்டர் போதும்.

படி 4: லென்ஸ் ஒன்றே தீர்த்துவிடுமா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் 55 பக்கம் போனால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 எஃப் 1.8 அதைவிடப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கிராப்பிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினால் கிடைக்கும் லாபம் சுமார் இரண்டரை மடங்குதான். பாடி விலையையும் அந்தச் சின்ன லென்ஸின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எஃப் 1.8-இல் ஃபோகஸ் ஆழம் குறையும், மூக்கு தெளிவாக இருக்கும்போது காது மங்கும். அதற்குப் பழக வேண்டும்.

படி 5: மொத்தச் செலவைப் போடுங்கள்

பாடி விலையோடு நிற்காதீர்கள். தம்பி ஃபுல் ஃப்ரேம் எடுத்தால் 18-55-க்குப் பதில் 24-105 மாதிரி ஒன்று, 55-250-க்குப் பதில் 400 வரை போகும் ஒன்று. இரண்டும் சேர்ந்து பாடி விலையைத் தாண்டும் போலிருந்தது. அவன் கேனன் ஆர்10 கிராப் மிரர்லெஸ்ஸும் அடாப்டரும் வாங்கினான். மூன்று லென்ஸும் அப்படியே ஓடுகின்றன. என்னிடம் 50, 85, 70-200 மூன்றும் சிவப்புப் புள்ளி. எடுப்பது ஏலமும் கல்யாண மண்டபமும். அதனால் நான் ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினேன்.

படி 6: பழையது வாங்குவதானால்

உங்கள் லென்ஸையும் மெமரி கார்டையும் கையோடு கொண்டு போங்கள். நம் பக்கம் கடல் காற்று. லென்ஸில் ஃபங்கஸ் சீக்கிரம் பிடிக்கும். இரண்டு மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்துக் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளை விட்டிருந்தால் வேண்டாம். மவுன்ட் (பாடியில் மாட்டும் வளையம்) திருகுகளில் துரு, பச்சைப் பூப்பு இருந்தாலும் வேண்டாம். அப்புறம் எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து, அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். ஓரிரண்டு புள்ளி தெரிந்தால் அது சென்சாரில் ஒட்டிய தூசுதான், துடைத்தால் போகும். துடைத்த பிறகும் அதே இடத்தில் இருந்தால் பணத்தை எடுக்காமல் வந்துவிடுங்கள்.