தனித் திரட்டி அமைப்பவர்கள் செய்யும் தவறுகள்

என் பள்ளித் தோழர் ஒருவர் பறவைகளைப் பற்றி வலைப்பதிவு எழுதுகிறார். மாதத்துக்கு ஒன்று எழுதினாலே அதிகம். அவருடைய பதிவு ஒன்றுகூடத் தவறிவிடக் கூடாது என்றுதான் முதன்முதலில் செய்தியோடைத் திரட்டி ஒன்றை அமைத்தேன். ஒரு தளத்தின் புதிய பதிவுகளைத் தானாகத் தெரிவிக்கும் பட்டியல்தான் செய்தியோடை (ஆர்எஸ்எஸ்). அப்படிப் பல ஓடைகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டுவது திரட்டி. ஆறே வாரத்தில் தவறவிட்டேன். அதே பட்டியலில் இரண்டு நாளிதழ்களின் ஓடைகளையும் சேர்த்திருந்ததுதான் காரணம். பள்ளிக்கரணைக்கு வந்த பூநாரைகளைப் பற்றி அவர் எழுதியது, தங்கம் விலைக்கும் கிரிக்கெட் ஸ்கோருக்கும் நடுவே புதைந்துபோனது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்ட நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். பெரிய தவறும் இதுதான். கால வரிசை பார்வைக்கு நியாயமானது. ஆனால் அது ஓயாமல் பேசுபவருக்கே இடம் கொடுக்கும். 2004-இல் தொடங்கிய தமிழ் வலைப்பதிவுத் திரட்டியான தமிழ்மணத்தின் முகப்பில் தங்கள் பதிவு மளமளவென்று கீழே இறங்கிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆகவே அரசியல், சினிமா, தொழில்நுட்பம் என்று பொருள் வாரியாகப் பிரிக்காதீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதுகிறார் என்பதைப் பார்த்துப் பிரித்து வையுங்கள். அரிதாக எழுதுபவர்களுக்கு ஒரு கோப்புறை, அன்றாடம் எழுதுபவர்களுக்கு ஒன்று, செய்தித்தளங்களுக்குக் கடைசியாக ஒன்று. முதல் கோப்புறையை நாள்தோறும் முழுமையாகப் படியுங்கள். கடைசிக் கோப்புறையில் நானூறு தலைப்புகள் சேர்ந்திருந்தால், எல்லாம் படித்ததாகக் குறித்துவிட்டு மனம் உறுத்தாமல் நகர்ந்துவிடலாம்.

அடுத்து, வாட்ஸப், டெலிகிராம் செய்திகளையும் இதிலேயே இணைக்கலாமே என்ற ஆசை வரும். பதிவை நாளை படித்தாலும் கெட்டுப்போவதில்லை. செய்தி அனுப்பியவரோ பதிலுக்குக் காத்திருக்கிறார். இரண்டையும் கலந்தால் பதில்தான் தாமதமாகும். இன்னொன்றும் இருக்கிறது. மேட்ரிக்ஸ் என்ற திறந்த உரையாடல் நெறிமுறையைப் பயன்படுத்தும் இணைப்புப் பாலங்கள் (ஒரு செயலியின் செய்தியை இன்னொன்றுக்குக் கடத்தும் மென்பொருள்கள்) மூலம் வாட்ஸப் உரையாடல்களை வேறு செயலிக்குள் கொண்டுவர முடியும். அந்தப் பாலம் மற்றொருவரின் சர்வரில் இயங்கினால், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்ட செய்தி அங்கே அவிழ்க்கப்படுகிறது. உங்களை நம்பித் தன் உடல்நிலையையோ கடனையோ எழுதிய உறவினர் அதற்குச் சம்மதம் தரவில்லை. பாலம் வேண்டுமென்றால் உங்கள் சாதனத்திலேயே இயங்குவதைத் தேர்ந்தெடுங்கள்.

சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் தரப்படும் பாட்காஸ்ட் ஓடைகளிலும் கவனம் தேவை. பெரும்பாலும் அந்த ஓடையின் முகவரியே சாவி. நண்பர் கேட்டார் என்று உங்கள் ஓடைப் பட்டியலை அப்படியே அனுப்பினால் சாவியும் சேர்ந்தே போகும்.

ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம். பல தளங்களின் பதிவுகளை ஒன்றாகத் திரட்டிக் காட்டிய ஃபிரண்ட்ஃபீடை 2009-இல் ஃபேஸ்புக் வாங்கியது, 2015-இல் மூடியது. கூகுளின் செய்தியோடைத் திரட்டியான கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று நின்றது. ஓடைப் பட்டியலைச் சேமிக்கும் பொது வடிவமான ஓபிஎம்எல் கோப்பாகத் தங்கள் பட்டியலை எடுத்து வைத்தவர்கள் வேறு திரட்டிக்குச் சில நிமிடங்களில் குடிபெயர்ந்தார்கள். உங்கள் திரட்டியிலும் அந்த ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தளங்களும் கதவைச் சாத்தும்: ட்விட்டர் தன் செய்தியோடைகளை 2013-இல் நிறுத்தியது. ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளமான மாஸ்டடானில் இன்னும் திறந்தே இருக்கிறது. ஒருவரின் பக்க முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளியும் rss என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் சேர்த்தால் போதும்.

கடைசியாக, வற்றிப்போன ஓடை. கோப்புறைகளைப் பிரித்த பிறகு தோழரின் பதிவுகள் ஒழுங்காக வந்தன. பிறகு நான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. எழுதுவதை விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். தொலைபேசியில் கேட்டபோதுதான் தெரிந்தது, வலைப்பதிவின் முகவரியை மாற்றியிருக்கிறார். இதற்கிடையில் மூன்று பதிவுகள் எழுதியிருக்கிறார். ஓடை அறுந்துபோனாலும் திரட்டியில் அது வெறும் மௌனமாகவே தெரிகிறது. மாதம் ஒருமுறை பட்டியலை, கடைசியாகப் பதிவு வந்த தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். வெகுநாளாக அசையாமல் கிடப்பவர்களின் தளத்துக்கே நேராகப் போய்ப் பாருங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால், நலமா என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.