கேட்கும் விலையும் படிந்த விலையும்: ஈபே ஏலத்துக்கு முன் பழைய விற்பனைகளை ஆராயும் முறை

மனை விற்பனைக்கு என்று பலகை நடுபவர் கேட்கும் தொகை வேறு, பேரம் முடிந்து கை மாறும் தொகை வேறு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் இணைய ஏலத்தில் முதன்முதலாக விற்க வருபவர்களில் பலர், இப்போது விற்பனைக்கு இருக்கும் பட்டியலைப் பார்த்தே தம் பொருளுக்கு விலை வைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை இன்னும் விற்காத பொருள்கள். அவற்றில் பல, அந்த விலைக்கு ஆள் கிடைக்காததனாலேயே மாதக்கணக்கில் அங்கே கிடக்கின்றன. நமக்கு வேண்டியது படிந்த விலை.

எடுத்துக்காட்டாக, வீட்டு அலமாரியில் கிடக்கும் ஒரு கேனான் ஏஇ-1 பிலிம் கேமராவை ஈபே தளத்தில் ஏலத்துக்கு விடப்போவதாக வைத்துக்கொள்வோம். ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டதால், இங்கிருந்து விற்பவர்கள் வெளிநாட்டு வாங்குநர்களை நம்பியே ஈபே.காமில் விற்கிறார்கள், ஆகவே கீழே விலைகளை டாலரிலேயே குறிப்பிடுகிறேன்.

முதல் படி: கையில் இருப்பது எது என்று உறுதி செய்தல்

ஏஇ-1 கேமரா 1976இல் வெளிவந்தது. 1981இல் வந்த ஏஇ-1 புரோகிராம் வேறொரு மாடல். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் தேடலில் இரண்டும் கலந்தே வரும். கேமராவின் முகப்பில் பொறித்திருக்கும் பெயரையும், லென்ஸின் முன்வளையத்தில் 1:1.8 என்று இருக்கிறதா 1:1.4 என்று இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1.4 லென்ஸுடன் விற்ற கேமராவின் விலையை 1.8 லென்ஸ் வைத்திருப்பவர் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்தக் கேமராவின் ஷட்டர் மின்னணுவில் இயங்குவது. 6 வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. எனவே ஒரு பேட்டரி வாங்கிப் போட்டு, வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேட்டரி மூடியின் கொக்கி உடைந்திருப்பது, ஷட்டர் அழுத்தும்போது கீச்சென்ற ஒலி வருவது, பின்கதவு ஓரத்துப் பஞ்சு பிசுபிசுத்துப் போயிருப்பது ஆகிய மூன்றும் இந்த மாடலில் அடிக்கடி காணும் குறைகள். நம் ஊர் ஈரக்காற்றில் பல ஆண்டுகள் பூட்டி வைத்திருந்த லென்ஸ் என்றால், உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் அவசியம். இந்தக் குறைகள் தெரியாமல் பழைய விற்பனைகளைப் பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் எந்தக் கேமராவுடன் நம்முடையதை ஒப்பிடுவது என்றே தெரியாது.

இரண்டாம் படி: விற்றவற்றை மட்டும் வடிகட்டுதல்

தேடுபெட்டியில் மாடலின் பெயரை ஆங்கிலத்தில் இட்டு, ‘புரோகிராம்’ என்ற சொல்லுக்கு முன் ஒரு கழித்தல் குறி சேர்த்துத் தேடினால் மற்ற மாடல் விலகிவிடும். பிறகு பில்டர் பகுதியில் ‘சோல்ட் ஐட்டம்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடந்த 90 நாட்களில் விற்றவை, பச்சை நிற விலையுடன் வரிசையாக வரும். ‘கம்ப்ளீட்டட் ஐட்டம்ஸ்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால் விற்காமல் முடிந்தவையும் சேர்ந்து வரும். அதையும் ஒருமுறை பாருங்கள். எந்த விலையில் ஒருவரும் கை வைக்கவில்லை என்பதும் நமக்குத் தேவையான செய்திதான்.

சில விலைகளின் குறுக்கே கோடு போட்டிருக்கும். விற்பவர் பேரத்துக்கு இறங்கி, குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டார் என்று அதற்குப் பொருள். உண்மையில் கை மாறிய தொகை அங்கே தெரியாது. விற்பனையாளர் கணக்கின் செல்லர் ஹப் பகுதிக்குள் இருக்கும் டெராபீக் ஆய்வுக் கருவியில் அந்தத் தொகையைக் காணலாம். அது மூன்று ஆண்டுகள் வரையிலான விற்பனைகளையும் காட்டும். அடிக்கடி விற்காத அரிய பொருளுக்கு 90 நாள் பதிவுகள் போதா. அப்போது இந்தக் கருவியே துணை.

மூன்றாம் படி: ஒவ்வொரு பதிவையும் திறந்து படித்தல்

பலர் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் இடம் இது. தலைப்பையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். வேலை செய்கிறது என்று சோதித்து விற்றதா, உதிரிபாகத்துக்கு என்று விற்றதா, லென்ஸ் உண்டா, அனுப்புசெலவு விலைக்குள் அடக்கமா, தனியா என்பதைப் படங்களையும் விவரத்தையும் பார்த்துத்தான் அறிய முடியும். 90 டாலருக்கு இலவசமாக அனுப்பியதும், 70 டாலருக்கு விற்று 20 டாலர் அனுப்புசெலவு வாங்கியதும் வாங்குநரின் பையிலிருந்து ஒரே தொகையைத்தான் எடுக்கின்றன. ஜப்பானிலிருந்து விற்கும் வியாபாரிகள் ‘மின்ட்’, ‘எக்ஸலன்ட்’ போன்ற தரச்சொற்களைத் தலைப்பிலேயே தாராளமாகப் போடுவது வழக்கம். அந்தச் சொற்களை நம்புவதைவிடப் படங்களை நம்புவது நல்லது.

உதிரிபாகத்துக்கு விற்றவற்றையும் ஒதுக்கிவிட வேண்டாம். 1995இல் ஈபே தொடங்கியபோது அங்கே முதலில் விற்றதாகச் சொல்லப்படும் பொருளே உடைந்த லேசர் பாயின்டர்தான், அது 14.83 டாலருக்குப் போனது. பழுதான கேமராவுக்கும் ஒரு படிந்த விலை உண்டு, நம்முடையது ஓடாவிட்டால் அதுதான் நம் விலை.

ஏலமாக விற்ற பதிவு என்றால் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஈபேயில் ஒருவர் தம் உச்ச வரம்பைச் சொல்லிவிட்டால், அடுத்தவரை மிஞ்சத் தேவையான அளவுக்கு மட்டும் தளமே அவர் சார்பில் தொகையை ஏற்றிக்கொண்டு போகும். 25 முதல் 99.99 டாலர் வரையில் அந்த ஏற்றம் ஒரு டாலர். ஒருவர் 120 வரை போகத் தயார், மற்றவர் 84 வரை தயார் என்றால், ஏலம் 85க்குப் படியும். முதலாமவர் 120 தரத் தயாராக இருந்தது வெளியே தெரியாது. ஆகவே ஏலத்தில் படிந்த விலை என்பது, பெரும்பாலும், அன்று தோற்றுப்போன இரண்டாமவரின் எல்லையைக் காட்டும் விலைதான். இருவர் மட்டும் கேட்ட ஓர் ஏலத்தைவிட எட்டுப் பேர் போட்டியிட்ட ஏலத்தை அதிகம் நம்பலாம்.

அதே படங்களுடன் அதே பொருள் மறுவாரமே மீண்டும் பட்டியலில் வந்திருந்தால், வாங்கியவர் பணம் கட்டவில்லை என்று ஊகிக்கலாம். அந்தப் பதிவை விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: கணக்கு

ஒப்பிடத் தகுந்த பதிவுகளை, அனுப்புசெலவும் சேர்த்து, ஒரு தாளில் ஏறுவரிசையில் எழுதுங்கள். கற்பனையாக 62, 85, 88, 90, 95, 97, 210 டாலர் என்று ஏழு விலைகள் கிடைத்ததாகக் கொள்வோம். சராசரி எடுத்தால் 104 டாலர் அளவில் வரும். ஆனால் 210ஐத் திறந்து பார்த்தால், மூன்று லென்ஸ்களும் பையும் சேர்ந்த தொகுப்பாக இருக்கும். வரிசையின் நடுவில் நிற்கும் 90 அப்படி ஏமாற்றுவதில்லை. அதனால் நடு விலையைக் கொள்வதே என் வழக்கம்.

ஐந்தாம் படி: தொடக்க விலை

முடிந்தவற்றில் பெரும்பாலானவை விற்றிருந்து, ஏலங்களில் பலர் போட்டியிட்டிருந்தால், தொடக்க விலையைத் தாழ்வாக வைத்து ஆட்களை உள்ளே இழுக்கலாம். கேட்பவர் ஓரிருவரே என்றால் அந்தத் துணிச்சல் வேண்டாம். நல்ல கேமரா அடிமாட்டு விலைக்குப் போய்விடும். அப்போது, எதற்குக் கீழே விற்க மனம் வராதோ அந்தத் தொகையிலேயே தொடங்குங்கள். அதைக் கணக்கிடும்போது ஈபேயின் கட்டணம் பொருளின் விலைமீது மட்டுமல்லாமல், அனுப்புசெலவும் வரியும் சேர்ந்த மொத்தத்தின்மீது விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலிடும் நாளில், அப்போது நடந்துகொண்டிருக்கும் ஏலங்களையும் ஒருமுறை பாருங்கள். உங்களுடையது முடியும் அதே மாலையில் இதே மாடல் நான்கைந்து முடிவதாக இருந்தால், இரண்டு நாள் தள்ளிப் போடுவது நல்லது.